பெயின்ற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது?
உழவு இயந்திரத்தையும் வாகனத்தையும் திருத்தக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஆவணி பிறந்ததும் வடக்கிலும் கிழக்கிலும் கராஜ் வாசல்களில் லான்ட்மாஸ்ரர்கள் வரிசையாக நிற்கத் தொடங்கிவிடும். காலபோக விதைப்புக்கு நிலத்தைப் பண்படுத்த வேண்டும். வருடம் முழுவதும் தள்ளிப்போட்ட திருத்த வேலைகள் எல்லாம் அந்த நாலைந்து கிழமைக்குள் வந்து குவிகின்றன. கமக்காரருக்கும் அவசரம், கராஜ்காரருக்கும் அவசரம். அரைகுறை வேலைகள் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் நடக்கின்றன. அவற்றின் மேல் ஒரு கை பெயின்ற் அடித்துவிட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது.

வன்னியில் மீளக்குடியேறிய ஒரு குடும்பம் தங்கள் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தையும் அதன் பெட்டியையும் ஒரு கராஜில் கொடுத்து எடுத்தது. செம்மஞ்சள் நிறத்தில் புதிதுபோல் பளபளத்தது. அடுத்த போகத்தில் நெல் மூடை ஏற்றி வரும்போது பெட்டியின் இழுவைக் கம்பம் ஒட்டிய இடத்திலேயே முறிந்தது. நல்ல வேளையாகப் பெட்டிக்கு மேல் ஆட்கள் இருக்கவில்லை. முறிந்த இடத்தைப் பார்த்தபோது ஒட்டு வேலை மேல்தோலை மட்டுமே பிடித்திருந்தது. உள்ளே பழைய வெடிப்பு அப்படியே கறள் பிடித்துக் கிடந்தது. லீசிங் தவணையோ மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. வாகனம் கராஜில் நிற்கிறது என்று தவணை காத்திருப்பதில்லை.

சொந்தக் காணியை இன்னும் காணாதவர்களும், குத்தகைக் காணியில் பயிர் செய்பவர்களும், திரும்பிப் போய்ப் பற்றை வெட்டித் தொடங்கியவர்களும் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறீர்கள். பலருக்கு உழவு இயந்திரம் ஒன்றே மிஞ்சிய முதல். அதைக் கூலி உழவுக்கு விட்டுத்தான் வீட்டுச் செலவு பார்க்கப்படுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்களின் விலை மிக ஏறியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோதிலும், புதியது வாங்கும் நிலையில் எமது குடும்பங்களில் மிகச் சிலரே இருக்கின்றனர். ஆகவே பழையதைத் திருத்தித்தான் ஓட வேண்டும். நல்ல கராஜ் எது, மோசமான கராஜ் எது என்று பிரித்தறிவது விதைநெல் தெரிவு செய்வதுபோல ஒரு கமக்காரருக்கு வேண்டிய அறிவாகிவிட்டது.

மண்ணெண்ணெய்க் காலத்து மெக்கானிக்குகள்

எங்கள் மெக்கானிக்குகளின் திறமையில் யாரும் குறை சொல்ல முடியாது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் கிடைக்கவில்லை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உதிரிப்பாகம் இல்லாத இடத்தில் கடைசலில் கடைந்து போட்டார்கள். அந்தக் கைகள் எத்தனையோ நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

ஆனால் அந்தக் காலம் ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றது. "எப்படியாவது ஓடினால் சரி" என்பதே அது. மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் பிஸ்ரன் றிங்ஸ் வழியே கீழே இறங்கி எஞ்சின் ஓயிலைத் தண்ணீராக்கும். ஓயில் மெலிந்தால் பெயரிங் தேயும். அன்று அதைத் தெரிந்துகொண்டே ஓடினோம், வேறு வழி இருக்கவில்லை. இன்று டீசலும் கிடைக்கிறது, சாமானும் கிடைக்கிறது. இன்றும் அளவு பார்க்காமல், கையால் தடவிப் பார்த்து "இது போதும் அண்ணை" என்று சொல்பவரிடம் எஞ்சினைக் கொடுக்க வேண்டியதில்லை.

கராஜுக்குள் நுழைந்ததும்

வாகனத்தைக் கொண்டு போகாமல் ஒருநாள் வெறுங்கையுடன் போய்ப் பாருங்கள். வெளியே எத்தனை வாகனம் நிற்கிறது என்பதைவிட, எத்தனை வாகனத்தின் சில்லைச் சுற்றிப் புல் முளைத்திருக்கிறது என்று பாருங்கள். புல் முளைத்தவை அதிகம் என்றால், முற்பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடாத இடம் அது.

கழற்றிய எஞ்சினை எப்படி வைத்திருக்கிறார்கள்? நல்ல இடத்தில் திறந்த எஞ்சினைத் துணியாலோ சுத்தமான பொலித்தீனாலோ மூடியிருப்பார்கள். ஒவ்வொரு வாகனத்தின் நட், போல்ற்றும் வேறுவேறு ரின்களில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே வாளிக்குள் போட்டு வைத்திருக்கும் இடத்தில், திரும்பப் பூட்டும்போது உங்கள் வாகனத்துக்கு வேறொருவரின் போல்ற் வரும். உழவு வயலில் இரண்டு சில்லு இயந்திரம் நடுங்கும் நடுக்கத்துக்குப் பொருந்தாத போல்ற் நின்று பிடிக்காது.

வாகனத்தைத் தூக்கி வைத்திருப்பதையும் பாருங்கள். இரும்பு முட்டுக் கொடுத்திருக்கிறார்களா, அல்லது ஜக்கின் மேல் மட்டும் நிறுத்திவிட்டு ஒரு சிறு பையனைக் கீழே படுக்க விட்டிருக்கிறார்களா? டீசல் ராங்கியை ஒட்டுமுன் கழுவித் தண்ணீர் நிரப்புகிறார்களா? வெறும் ராங்கியில் நிற்கும் ஆவி வெடித்துவிடும். ஒட்டு வேலைக்கு முன் பற்றறி வயரைக் கழற்றுகிறார்களா? தங்கள் உயிரையும் தொழில் பழகும் பிள்ளைகளின் உயிரையும் கவனியாத ஒருவர் உங்கள் கிளச்சைக் கவனிப்பார் என்று நம்புவது கடினம்.

கழிவு ஓயில் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். இது சிலருக்கு வேண்டாத கேள்வியாகத் தோன்றலாம். குடாநாட்டின் நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது வெகு சீக்கிரத்தில் கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. பரலில் சேர்த்துக் கொடுத்துவிடும் கராஜும் இருக்கிறது, பின்வேலியோரம் ஊற்றும் கராஜும் இருக்கிறது. பக்கத்துக் காணியில் வெங்காயம் செய்பவரும் ஒரு கமக்காரர்தான்.

வேலை செய்பவர்களின் பயிற்சியைப் பற்றியும் விசாரிக்கலாம். தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உள்ளவர்கள் இப்போது எமது பகுதிகளிலும் வருகிறார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. சான்றிதழ் இல்லாத பழைய பாஸ் ஒருவர் அதைவிட நன்றாகச் செய்யவும் கூடும். அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் உண்டு. ஆகவே காகிதத்தை ஒரு சாட்சியாக எடுங்கள், அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

எஞ்சின் வேலை

எஞ்சின் திறப்பதற்கு முன்பே அதன் நோயை நீங்கள் ஓரளவு அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாத வேலைக்கும் காசு கொடுக்க வேண்டி வரும். டீசல் எஞ்சின் புகையைப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் காற்றுப் போதவில்லை, அல்லது டீசல் அதிகமாகப் போகிறது. பல தடவை எயார் கிளீனரில் அடைத்த புழுதியைக் கழுவி ஓயில் மாற்றினாலே இது சரியாகும். நீலப் புகை என்றால் ஓயில் எரிகிறது. றிங்ஸ், லைனர், அல்லது வால்வுப் பக்கம் தேய்மானம். சூடேறிய பின்னும் நிற்காத வெள்ளைப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. ஓயில் கம்பியை இழுத்துப் பாருங்கள்: பால் தேநீர் நிறத்தில் இருந்தால் ஓயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது.

இவற்றைச் சொல்லிக் கேட்டால் கராஜ்காரர் என்ன பதில் தருகிறார் என்று கவனியுங்கள். நல்லவர் தானும் ஸ்ரார்ட் செய்து பார்ப்பார், திறந்து அளந்த பின்தான் விலை சொல்ல முடியும் என்பார். பார்க்காமலே "முழுதாக இறக்க வேண்டும்" என்பவரைவிட்டு விலகுங்கள்.

லைனரை அளக்கும் கருவி அவரிடம் இருக்கிறதா? ஹெட் போல்ற்றுகளை அளவோடு இறுக்கும் ரோர்க் சாவி இருக்கிறதா? இந்த இரண்டும் இல்லாமல் எஞ்சின் வேலை செய்பவர், தராசு இல்லாமல் நெல் வாங்குபவரைப் போன்றவர். கழற்றிய பழைய சாமான்களை உங்களிடம் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். றிங்ஸ் மாற்றியதாகச் சொன்னால் பழைய றிங்ஸ் எங்கே? பழையதைத் தர மறுப்பவர் மாற்றவில்லை என்று உடனே முடிவு கட்டக்கூடாதுதான். என்றாலும் அடுத்த தடவை அங்கே போக வேண்டிய தேவை இல்லை.

வேலை முடிந்ததும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்துவைத்து ஸ்ரார்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கஸ்கற் சரியாகப் பிடிக்கவில்லை. புதிதாக றிங்ஸ் போட்ட எஞ்சினை முதல் நாட்களில் ஆழமான உழவுக்கு விடாமல் பாரம் குறைத்து ஓட்டுவதும், முதலாவது ஓயிலை வழமையைவிட முன்கூட்டியே மாற்றுவதும் அவசியம். இதை உங்களுக்குத் தானாகவே எடுத்துச் சொல்லும் மெக்கானிக் நல்ல மெக்கானிக்.

2009இல் இறுதி யுத்தத்தின்போது கைவிட்டு வந்து, பின்னர் மீட்டெடுத்த இயந்திரங்களும் நீண்டகாலம் ஓடாமல் நின்றவைகளும் வேறு வகை. இறுகிப்போன எஞ்சினை இழுத்துக் கட்டி ஓட வைக்க முயலும் கராஜ் அதை உடைத்துவிடும். சிலிண்டருக்குள் டீசலும் ஓயிலும் விட்டுச் சில நாள் ஊறவைத்து, மெல்ல அசைத்துப் பார்ப்பதே முறை. பொறுமை இல்லாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

ஒட்டு வேலையைப் பெயின்ற் அடிக்குமுன் பாருங்கள்

எல்லாவற்றிலும் இதுவே உயிரோடு சம்பந்தப்பட்டது. இழுவைக் கம்பம், பெட்டியின் அடிச்சட்டம், சில்லுத் தண்டு, கைபிடி ஆகியவற்றில் செய்யும் ஒட்டு வேலையைப் பெயின்ற் அடிக்க முன் காட்ட வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். நல்ல ஒட்டு, மீன் செதில் அடுக்கியதுபோல் ஒரே சீராக இருக்கும். துளைகள் இருக்காது. ஓரத்தில் இரும்பை அரித்த பள்ளம் இருக்காது. மேலே படிந்த கசடு தட்டி எடுக்கப்பட்டிருக்கும். கசடோடு பெயின்ற் அடித்தால் முதலில் பெயின்ற் உதிரும், பிறகு அதற்குக் கீழ் இருந்த குறை தெரியும்.

வெடித்த இடத்தின் மேல் நேரடியாக ஒட்டுவது வேலை அல்ல. வெடிப்பின் இரு பக்கத்தையும் அரைத்துச் சாய்வான வாய்க்கால் போலத் திறந்து, அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வர வேண்டும். "வாய்க்கால் வெட்டினீர்களா, தம்பி?" என்று கேட்டாலே உங்களுக்கு விஷயம் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

இனிப் பெயின்ற்

உழவு இயந்திரத்துக்குப் பெயின்ற் அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. முல்லைத்தீவு, யாழ்ப்பாணக் கரையோரக் காற்றில் உப்பு இருக்கிறது. பசளை மூடை ஏற்றிய பெட்டியின் தகட்டை யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் தின்னும். சேறு காயாமல் ஒட்டிக் கிடக்கும் மட்காட் உள்ளிருந்தே கறள் பிடிக்கும். நல்ல பூச்சு இருந்தால் அந்தத் தகடு இன்னும் பல வருடம் நிற்கும். ஆனால் கையில் உள்ள பணம் குறைவு என்றால், எஞ்சின், கிளச், பிரேக் ஆகியவற்றை முடித்த பிறகுதான் பெயின்ற். முதலில் பெயின்ற்றைப் பற்றிப் பேச்செடுக்கும் கராஜ்காரர் தனக்கு இலகுவான வேலையைத் தேடுகிறார்.

பெயின்ற் வேலையின் தரம் பெயின்ற் ரின்னைத் திறப்பதற்கு முன்னமே தீர்மானமாகிவிடுகிறது. முதலில் ஓயிலும் கிறீசும் முழுதாகக் கழுவப்பட வேண்டும். டீசல் ஊறிய தகட்டில் எந்தப் பெயின்ற்றும் பிடிக்காது; சிறு சிறு வட்டமாக விலகி நிற்கும். பிறகு கறளைக் கம்பிப் பிறஷ்ஷாலும் அரத்தாளாலும் தேய்த்து இரும்பின் வெள்ளை தெரிய வேண்டும். அதன் மேல் கறள் தடுக்கும் முதற்பூச்சு, எங்கள் வழக்கில் சிவப்பு ஒக்சைட். இதைச் செய்யாமல் கறளின் மேல் நேரே பட்டி வைத்துவிட்டால், பட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உள்ளே கறளை வளர்க்கும். அடுத்த மாரியில் கொப்புளம் வெளியே வரும். அதனால் சிவப்பு ஒக்சைட் அடித்த நிலையில் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்க்க வருவேன் என்று சொல்லியிருந்தாலே பாதி ஏமாற்று நின்றுவிடும்.

பட்டி என்பது சிறு பள்ளத்தை நிரவுவதற்கு. இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாக வைத்தால் நடுங்கி வெடிக்கும். நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தாமல் பட்டியால் மூடுவது காரிலும் பட்டா வாகனத்திலும் அதிகம் நடக்கிறது. பழைய வானொலிப் பெட்டி ஒலிபெருக்கியில் ஒரு காந்தம் இருக்கும். அதை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்துங்கள். ஒட்டிக்கொண்டு வந்தது ஓர் இடத்தில் பிடி விட்டால், அங்கே பட்டி தடித்திருக்கிறது. பிளாஸ்ரிக், அலுமினியப் பாகங்களில் காந்தம் ஒட்டாது என்பதை நினைவில் வையுங்கள். விரல் மொழியால் தட்டிப் பார்த்தாலும் தகட்டுக்கு ஒரு சத்தம், பட்டிக்கு மந்தமான ஒரு சத்தம். பழைய வாகனம் வாங்கும்போதும் இதே சோதனைதான்.

வாகனத்தை மாலையில், கராஜின் ரியூப் வெளிச்சத்தில் பொறுப்பேற்காதீர்கள். காலை வெயிலில், பக்கவாட்டில் நின்று பாருங்கள். பெயின்ற் தோடம்பழத் தோல் போல இருந்தால் துப்பாக்கியின் காற்றோ பெயின்ற்றின் தடிப்போ சரியில்லை. வடிந்த கோடு இருந்தால் ஒரேயடியாக அடித்திருக்கிறார்கள். காரிலே கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள நீக்கல் மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். றப்பர் ஓரங்கள், விளக்கு வளையம், இலக்கத் தகடு ஆகியவற்றில் பெயின்ற் சிதறியிருந்தால் காகிதம் ஒட்டி மறைக்கச் சோம்பல்பட்டிருக்கிறார்கள்.

உழவு இயந்திரத்தில் இதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை வேறு. கிறீஸ் நிப்பிளின் வாய் பெயின்ற்றால் அடைபட்டிருக்கிறதா? டீசல் ராங்கி மூடியின் காற்றுத் துளை, கியர்ப் பெட்டியின் மூச்சுத் துளை திறந்திருக்கிறதா? றேடியேற்றர் இதழ்களின் மேல் தடிப்பாக அடித்திருக்கிறார்களா? அப்படி அடித்தால் சூடு வெளியேறாது. பெல்ற்றின் மேல் பெயின்ற் பட்டால் வழுக்கும். எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் உள்ள இடங்களை அரைக்கவோ பட்டியால் மூடவோ ஒருபோதும் விடாதீர்கள். பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கும் நாளில் பொலிஸ் நிலையத்தில் நிற்கப்போவது கராஜ்காரர் அல்ல. எஞ்சினையோ வாகனத்தின் நிறத்தையோ மாற்றுவதாயின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டியதையும் முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பெயின்ற்? உழவு இயந்திரத்துக்குச் சாதாரண எனாமல் போதும் என்பது என் அபிப்பிராயம். கீறினால் நீங்களே பிறஷ்ஷால் தொட்டுக்கொள்ளலாம். கார்களுக்கு இரண்டு ரின் கலந்து அடிக்கும் பெயின்ற் உறுதியானது. ஆனால் அதன் இறுக்கியில் உள்ள ஐசோசயனேற் என்னும் பொருள் மூச்சுக்குள் போனால் தீராத தொய்வை உண்டாக்கும். வாயில் ஒரு கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு அதை அடிக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. உரிய முகமூடி கொடுக்காத இடத்தில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

காலமும் பார்க்க வேண்டும். மாரி ஈரத்தில் அடித்தால் விரைவாகக் காயும் வகைப் பெயின்ற் வெள்ளை பூத்து மங்கும். சோழகக் காற்றில் திறந்த கொட்டிலில் அடித்தால் புழுதி ஒட்டும். காலபோக அறுவடை முடிந்து, மாசி பங்குனியில் கொடுப்பதே பெயின்ற்றுக்கு உகந்தது. எஞ்சின் வேலையை ஆடிக்கு முன் முடித்துவிடுங்கள். அப்போது கராஜிலும் நெருக்கம் குறைவு.

பணமும் பேச்சும்

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். ஒரு கொப்பித் தாள் போதும். கூலி வேறு, சாமான் வேறு, எந்தச் சாமான் ஒறிஜினல், எது டூப்ளிக்கேற், எப்போது முடியும் என்பவை அதில் இருக்க வேண்டும். மேலதிக வேலை வந்தால் தொடங்குமுன் உங்களிடம் கேட்க வேண்டும் என்ற வரியும் சேரட்டும். முழுப் பணத்தையும் முதலில் கொடுக்க வேண்டாம். சாமானை நீங்களே வாங்கிக் கொடுப்பதானால் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

யுத்தத்துக்குப் பின் குடும்பப் பொறுப்பை ஏற்ற பெண்கள் பலர் இன்று தாங்களே உழவு இயந்திரத்தைக் கராஜுக்குக் கொண்டுபோகிறார்கள். "வீட்டில ஆம்பிளையள் ஆரும் இல்லையோ அக்கா? வரச் சொல்லுங்கோ, விளங்கப்படுத்துறன்" என்று சில இடங்களில் பதில் வருகிறது. அவரிடமே நின்று விளக்கம் சொல்லத் தெரியாதவர், ஆணுக்கும் சரியான விளக்கம் சொல்லப்போவதில்லை. வேறு கராஜ் பாருங்கள். சங்கத்தைச் சேர்ந்த இரண்டு பேர் சேர்ந்து போவதும் உதவும்.

வேலை பிழைத்தால் முதலில் அதே கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்; நல்ல தொழிலாளி தன் பிழையைத் திருத்தித் தருவார். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்யலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இச்சபையின் தொலைபேசி இலக்கம் 1977. உங்கள் பிரதேச இணக்க சபைக்கும் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி நடக்கும் அந்தச் சபையில் சட்டத்தரணி வைத்து வாதாட வேண்டியதில்லை; நீங்களே பேசலாம். எழுதி வாங்கிய மதிப்பீடு, பற்றுச்சீட்டு, சாக்கில் கட்டி வைத்த பழைய சாமான் ஆகிய மூன்றையும் கையோடு கொண்டு போங்கள்.